வயதானால் புதுப் பாட்டு காதில் ஏறாதா?

கேட்கப்பட்டது: "முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுதான் ஒருவருக்குக் கடைசி வரை. அதற்கப்புறம் எவ்வளவு நல்ல இசை வந்தாலும் மனசு ஒட்டாது. என் அப்பா அதே நாற்பது பாட்டைத்தான் இன்னும் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். எனக்கு 34 ஆகிறது, நானும் அப்படியே ஆகிக்கொண்டு வருகிறேன். இதற்கு மாறாக யாராவது இருக்கிறீர்களா?"

9 ஜூன் 2024, காலை

நான் இருக்கிறேன். வயது 61. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் 39 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 55 வயது வரைக்கும் கர்நாடக சங்கீதம் வந்தால் ரேடியோவைத் திருப்பிவிடுகிற ஆள். இன்றைக்கு நான் கேட்பதில் முக்கால்வாசி கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதன். அவர் 1984இல் காலமானார். அப்போது எனக்கு 21 வயது, அவர் பெயரே தெரியாது. இசை பழையதுதான், ஆனால் எனக்குப் புத்தம் புதிது. முப்பது வயதுக் கணக்கு என்னிடம் செல்லவில்லை.

9 ஜூன், இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். தம்பி, உங்கள் அப்பாவின் நாற்பது பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்கும் அப்படி ஒரு நாற்பது இருக்கிறது. மனநூல் படித்தவர்கள் இதற்கு 'ரெமினிசென்ஸ் பம்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருமாம், பாட்டும் அதில் சேர்த்தி. அதை நான் மறுக்கவில்லை. நினைவில் நிற்பது ஒன்று, புதிதாகப் பிடிப்பது இன்னொன்று என்றுதான் சொல்ல வருகிறேன்.

என் கதையைச் சொன்னால் புரியும். எங்கள் ஊரில் பாட்டு என்றால் இரண்டு இடம். ஒன்று டீக்கடை ரேடியோ. காலையில் இலங்கை வானொலி பொங்கும் பூம்புனல் ஓடும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் வந்துவிட்டால் பெஞ்சில் இருப்பவர்கள் டீ ஆறுவதைக்கூடக் கவனிக்கமாட்டார்கள். இன்னொன்று கல்யாணத்துக்கும் கோயில் நோன்புக்கும் கட்டுகிற மைக் செட், பனைமரத்திலும் வேப்பமரத்திலும் தொங்குகிற குழாய் ஸ்பீக்கர். அன்னக்கிளி 1976இல் வந்தபோது எனக்குப் பதிமூன்று. அந்தப் பாட்டுகளை நான் முதலில் கேட்டது குழாயில்தான்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. குழாய் ஸ்பீக்கர் அடிச்சத்தத்தைத் தரவே தராது. மேல் சத்தம் மட்டும் கிணீர் என்று ரெண்டு மைல் போகும். மிருதங்கத்தில் வலப்பக்கத்து வலந்தலை கேட்கும், இடப்பக்கத்துத் தொப்பி கேட்காது. அப்படியே எட்டு வருஷம் கேட்டு வளர்ந்தோம். 1983இல் கிராஸ்கட் ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் கடைக்குள் முதல் தடவை நுழைந்தேன். ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு வைத்து, நான் நூறு தடவை கேட்ட பாட்டு ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்குள் பேஸ் கிட்டார் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நூறு தடவையும் அது இருந்திருக்கிறது, எனக்கு வந்து சேரவில்லை. கடை வாசலில் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன்.

அதனால் "ரசனை மாறுகிறது" என்று நாம் சொல்வதில் பாதி, காதுக்கு வந்து சேர்வது மாறுவதுதான் என்பது என் எண்ணம்.

12 ஜூன்

ஏன் எம்.டி.ஆர்., அவரை விடப் பெரிய வித்வான்கள் எத்தனை பேர் என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். பெரியவர் சின்னவர் பார்க்கிற அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. ராகம் பத்துப் பன்னிரண்டு அடையாளம் தெரியும், தாளம் போட்டால் பாதியில் விட்டுவிடுவேன். எனக்குப் பிடித்தது அவருடைய நிதானம். மற்றவர்கள் ஒரு வரியை நாலு தடவை பாடி முடிக்கிற நேரத்தில் அவர் முதல் சொல்லிலேயே இருப்பார். சுருதியும் ரொம்பத் தாழ்வு. கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி என்று ஆரம்பத்தில் நானே எரிச்சலோடு சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த ஆழத்துக்காகத்தான் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவில் 1923இல் பிறந்தவர். வித்வான் டைகர் வரதாச்சாரியாரைத் தேடிச் சென்னைக்கு வந்து சிஷ்யரானார், அப்புறம் கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்தார். தானே இயற்றிய கீர்த்தனைகளில் 'வரததாச' என்று குருவின் பெயரைத்தான் முத்திரையாக வைத்தார். 1974இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கடைசி வரை கிடைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே "ரொம்ப இழுக்கிறார்" என்று எழுந்து போனவர்களும் உண்டு, அவருக்காக மட்டும் சபாவுக்கு வந்தவர்களும் உண்டு. நான் முதல் கூட்டத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவன்.

16 ஜூன்

எப்படி மாறினேன் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் ஒரு கணிப்பு இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

மில் சத்தம் தெரியாதவர்களுக்கு அதை எழுதிப் புரியவைப்பது கஷ்டம். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் கை ஜாடை. ஃப்ரேம் பார்க்கிற சைடர் பெண்கள் ஒரு கதையையே ஜாடையில் சொல்லி முடிப்பார்கள். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் கேட்டாலே காது கெடும் என்கிறார்கள். நாங்கள் பஞ்சைக் கிள்ளி உருட்டிக் காதில் வைத்துக்கொள்வோம், பஞ்சுக்குப் பஞ்சமில்லாத இடம். அது ஒன்றும் பெரிதாகத் தடுக்காது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஃபுல் நைட் முடித்து வீட்டுக்கு வந்து படுத்தால் காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டேதான் தூக்கம்.

போன வருஷம் காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் எடுத்தேன். 4000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது, இரண்டு காதிலும். பார்த்தவுடனே சோதனை எடுத்த பெண் "சத்தமான இடத்தில் வேலையாங்க?" என்று கேட்டாள். நான் மில் என்று சொல்லவே இல்லை, அந்தப் பள்ளமே சொல்லிவிட்டது. உட்காதில் மயிர்க்கால் மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கின்றன, போனால் மனிதருக்கு மறுபடி முளைக்காது என்றாள்.

என் கணிப்பு இதுதான். மேல் சத்தம் எனக்குக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால் பெண் குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாம் மங்கி, தாழ்ந்த சுருதியில் மெதுவாகப் பாடுகிற ஒருவர் மட்டும் முழுசாக வந்து சேர்கிறார். அவர்மேல் பிரியம் வந்தது அதனால்தான். குழாய் ஸ்பீக்கர் அடிச்சத்தத்தை எடுத்துக்கொண்டது, மில் மேல் சத்தத்தை எடுத்துக்கொண்டது, மிச்சம் இருந்த இடத்தில் எம்.டி.ஆர். நின்றார்.

17 ஜூன்

தப்பு. மேலே எழுதியதில் பெரிய தப்பு இருக்கிறது என்று ஒலிப்பதிவுத் துறையில் இருக்கிற ஒரு தங்கை பொறுமையாக விளக்கியிருக்கிறார், நன்றிம்மா. பாடுகிற சுரம் என்பது பெண் குரலிலும் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். 4000 என்பது பியானோவின் கடைசிக் கட்டைக்குப் பக்கம். அங்கே பள்ளம் விழுந்தால் சுரம் போகாது, 'ச', 'த', 'க' மாதிரி மெய்யெழுத்துகளின் கூர்மை போகும், தம்பூராவின் ரீங்காரமான ஜீவா மங்கும், ஜாலராவின் மினுமினுப்பு போகும். பெண் குரல் மங்கியதாக நான் நினைத்தது சொற்கள் மங்கியதைத்தான்.

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பேத்தி பாடினால் மெட்டு தெரியும், வார்த்தையைத்தான் ரெண்டாம் தடவை கேட்பேன்.

அப்படியானால் என் கணிப்பு பாதிதான் நிற்கிறது. மீதிப் பாதிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

29 ஜூன்

காதுக் கருவி போட்டால் பாட்டு எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார், அவருடைய அம்மாவுக்காக. இதைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயிலில் நாதஸ்வரம், சாதாரணமாக ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறார், என் காதில் அது தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரி நெளிகிறது. வீட்டுக்கு வந்து புல்லாங்குழல் போட்டால் அதுவும் நெளிகிறது. நம் காது ஒரேயடியாகப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். காரணம் வேறு. இந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. கருவி 'கீ' என்று கூவாமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். நீளமாக ஒரே சுரம் வந்தால் தன்னுடைய கூவல்தான் அது என்று நினைத்து அதை அழிக்கப் பார்க்கும், அதனால்தான் நெளிவு. சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிற வேலையும் சேர்ந்துகொள்ளும். பாடகர் குரலை இறக்கினால் கருவி ஏற்றும். எம்.டி.ஆர். குரலை இறக்கி இறக்கி ஒரு இடத்தில் வைத்தால், இது போய் அதைத் தூக்கி நிறுத்துகிறது.

மறுபடி போய்ச் சொன்னேன். இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுக் கொடுத்தார்கள், அந்தத் தடுப்பைக் குறைத்து, இரைச்சல் நீக்குவதை அணைத்து, அமுக்குவதையும் தளர்த்தி. இப்போது பட்டனை ஒரு தடவை அழுத்தினால் பாட்டுக்கு மாறிவிடும். கேட்காவிட்டால் அவர்களாகப் போட்டுத் தருவதில்லை. அம்மாவை அழைத்துப் போகும்போது "பாட்டு கேட்பாங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது 17ஆம் தேதிக் குறிப்புக்கு வருகிறேன். கருவி வந்ததும் மேல் சத்தம் ஓரளவு திரும்ப வந்தது. என் பழைய நாற்பது பாட்டுகளை வரிசையாகக் கேட்டேன். சலங்கை, ஷேக்கர், வயலின் கூட்டம் எல்லாம் பளிச்சென்று வந்தன, சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் நாலாம் நாள் தானாகக் கை எம்.டி.ஆரிடம்தான் போனது. காது திரும்பினாலும் பிரியம் திரும்பிப் போகவில்லை. ஆக, காது விஷயத்தை முழுசாகவே விட்டுவிடுகிறேன்.

7 ஜூலை

நாலு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நான் எழுதியதைப் படித்தால், 55 வயதில் நானாகப் போய் எம்.டி.ஆரைக் கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. அது உண்மை இல்லை.

எங்கள் மில்லில் ஒரு மேஸ்திரி அண்ணா இருந்தார். பெயர் வேண்டாம். என்னை வேலைக்குப் பழக்கியவர். கதிரில் விரலை வைத்தே தேய்மானத்தைச் சொல்லிவிடுவார். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஆல் இந்தியா ரேடியோவில் சங்கீதத்தின் தேசிய நிகழ்ச்சி வரும், அதில் வந்ததையெல்லாம் கேசட்டில் பிடித்து வைப்பார். 1986இல் ஒருநாள், அரை நைட் ஷிப்டுக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஓடுகிற சி-60 கேசட் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இதக் கேட்டுப் பாரு கண்ணு, அவசரப்படாமக் கேளு" என்றார். எம்.டி. ராமநாதன் என்று பச்சை மையில் எழுதியிருந்தது.

நான் ஐந்து நிமிஷம் கேட்டேன். ஐந்து நிமிஷமும் ஒரே இடத்திலேயே இருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம், எனக்கு அப்போது ஒரு வெற்று கேசட் வாங்கக் காசு கஷ்டம், அந்தக் கேசட்டையே கிராஸ்கட் ரோட்டுக் கடைக்குக் கொண்டுபோய், படப்பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து அதன்மேலேயே பதியச் சொல்லிவிட்டேன். அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. கொடுத்துவிட்டதாகவே நினைத்திருப்பார் போல. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் 1998இல் ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு வருஷம் ஒரே கூடத்தில் வேலை செய்தோம்.

2019இல் மகள் பெங்களூரிலிருந்து ஒரு சின்ன பிளேயர் அனுப்பினாள், கேசட்டைப் போட்டால் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பரணில் இருந்த அறுபது எழுபது கேசட்டை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். இந்தக் கேசட்டும் வந்தது. ஏ பக்கம் ஏழு பாட்டு, நிறைந்திருந்தது. பி பக்கம் ஐந்து பாட்டு. நான் எழுதிக் கொடுத்த லிஸ்ட்டில் இரண்டு பாட்டு அந்தக் கடையில் இல்லை, அதனால் ஐந்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். பாட்டு முடிந்தது. நான் ஃபேனுக்கு கெபாசிட்டர் மாற்றிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றேன், இறங்கிப் போய் நிறுத்தச் சோம்பல். பட்டன் எழும்புகிற 'டக்', கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல், அப்புறம் நடு வரியில் ஒரு குரல். எட்டு நிமிஷம். சகானா ராகம் என்பது பிற்பாடு ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஸ்டூலை விட்டு நான் இறங்கவில்லை. நாடா முடிந்து பிளேயர் தானாக நின்ற பிறகுதான் கையில் ஸ்க்ரூடிரைவர் இருப்பதே தெரிந்தது.

அன்றைக்கே ரீவைண்ட் செய்து நாலு தடவை கேட்டேன். அந்த எட்டு நிமிஷத்திலிருந்து ஆரம்பித்ததுதான் இன்றைக்குக் கேட்பதெல்லாம்.

8 ஜூலை

ஒன்று விட்டுப்போய்விட்டது, அதுவும் சொல்ல வேண்டியது. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். மேலே யாரும் பதியக்கூடாது என்றால் அதை உடைத்துவிடுவார்கள். மேஸ்திரி அண்ணா இரண்டையும் உடைத்துத்தான் வைத்திருந்தார். அந்த ஓட்டைகளில் காகிதத்தை மடித்து அடைத்து, மேலே செல்லோ டேப் ஒட்டியது நான். டேப் மஞ்சளாகி இன்னும் அதிலேயே இருக்கிறது.

21 ஜூலை

"1986இல் பிடிக்காதது 2019இல் எப்படிப் பிடித்தது, குரலும் அதேதான், நாடாவும் அதேதானே" என்று 34 வயதுத் தம்பி கேட்டிருக்கிறார். இந்த இரண்டு வாரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மில்லில் இருந்தபோது எனக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளை அரை மணி. மிதிவண்டியில் வீட்டுக்கு இருபது நிமிஷம். நாலு நிமிஷப் படப்பாட்டு அந்த நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, ஆரம்பம், இடையிசை, சரணம், மறுபடி பல்லவி, முடிந்தது. எம்.டி.ஆர். நாலு நிமிஷத்தில் ஆரம்பிக்கவே மாட்டார். அரை மணி நேரம் சும்மா உட்காருகிற ஆளுக்குத்தான் அவர் பாடுகிறார், நான் அப்போது அப்படி உட்காரக்கூடிய ஆள் இல்லை. அதோடு, எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு மெதுவான பாட்டு போட்டால் காதுக்குள் இருக்கிற 'ங்ங்ங்' தான் பெரிதாகக் கேட்கும். அதை மூடுகிற அளவுக்குத் துள்ளலான பாட்டு வேண்டும். எனக்கு இப்போது படுகிற காரணம் இதுதான், இதைத் திருத்தவேண்டி வராது என்று நினைக்கிறேன்.

2019இல் நான் இன்னும் வேலையில்தான் இருந்தேனே என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் மில் அப்போது மூன்று ஷிப்டை ஒன்றாகக் குறைத்துவிட்டது, எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும், சாயந்திரம் ஐந்துக்கு வீட்டில் இருப்பேன். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டுக்காரி அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. வீடு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை.

நடுவில் ஒரு காலம் இருக்கிறது, அதைப் பற்றி எழுத அதிகம் ஒன்றுமில்லை. 2003, 2004 வாக்கில் எம்பி3 சிடி வந்தது. ஒரு தட்டில் 700 எம்பி, நூற்று நாற்பது பாட்டு போட்டிருப்பார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கி வாங்கிச் சேர்த்தேன். எந்தத் தட்டிலும் முப்பதாவது பாட்டைத் தாண்டியதாக நினைவில்லை. கேசட்டில் பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஃபார்வேர்டை அழுத்தி, நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி என்று பாடு. அதற்குப் பதில் கேட்டே விடலாம் என்று கேட்போம், அப்படி விட்ட பாட்டுகளில் பாதி பிற்பாடு பிடித்துப்போகும். சிடியில் ஒரு விரல்தான், அடுத்தது அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனேன். அந்தப் பத்து வருஷத்தில் எனக்குப் புதிதாகப் பிடித்த பாட்டு என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்போது வந்த பாட்டுகள் மேல் குறை சொல்லமாட்டேன், நான் ஒன்றையும் முழுசாகக் கேட்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன் தம்பி. 34 வயதில் சின்னக் குழந்தை, வேலை, டிராஃபிக். இப்போது புதுப் பாட்டு ஒட்டவில்லை என்றால் உங்களுக்கு ரசனை செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உட்கார இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்பாவின் நாற்பது பாட்டில் உங்களுக்குப் பிடிக்காதது ஒன்றை அவரோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டுப் பாருங்கள்.

4 ஆகஸ்ட்

மகள் இதையெல்லாம் படித்துவிட்டு போன் செய்தாள். "ஏப்பா, மேஸ்திரி மாமா இன்னும் ஒண்டிப்புதூர்லதான இருக்காரு? இத்தன பேருகிட்டச் சொல்றீங்க, அவருகிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அவருக்கு இப்போது 84. பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் அரை மணி. கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன், கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

15 செப்டம்பர்

இன்றைக்குப் போய் வந்தேன். கேட்டிருந்த எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கேசட்டையும் பிளேயரையும் பையில் எடுத்துக்கொண்டேன். ஒரு சின்ன ஸ்பீக்கரும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார், மடியில் போன், சத்தமாக எம்.ஜி.ஆர். படப் பாட்டு. டி.எம்.எஸ். குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஃபுல் நைட்டில் டீ குடிக்கும்போது யாராவது படப்பாட்டு முணுமுணுத்தால் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுகிற மனுஷன்.

காப்பி வந்தது. மில் கதை கொஞ்சம். அப்புறம் கேட்டேன், "அண்ணா, கச்சேரியெல்லாம் இப்பக் கேக்கறதில்லீங்களா?"

"இல்ல கண்ணு. அவ இருந்த வரைக்கும் கேட்டேன். சனிக்கெழம ராத்திரி அவ பூக் கட்டிட்டு உக்காந்திருப்பா, நான் ரெக்கார்டு பட்டனப் புடிச்சுட்டு உக்காந்திருப்பேன். பாடறவரு கமகத்த இழுத்தா, அவளும் நாரை அப்படியே இழுத்துப் புடிச்சுட்டுக் கேப்பா. அவ போய்ப் பதிமூணு வருசமாச்சு. அதுக்கப்புறம் ஒரு ராகம் முழுசாக் கேக்க முடியல. இது," போனைக் காட்டினார், "இது அவளுக்குப் புடிக்காது. அதனால இதக் கேக்கலாம்."

ரசனை மாறுவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் காதைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் இரண்டு மாதம் எழுதினேன்.

கேசட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பச்சை மை மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடுத்தது அவருக்கு நினைவே இல்லை. மேல் விளிம்பைத் தடவினார், டேப் ஒட்டியதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். லிஸ்ட் எழுதிக் கொடுத்தது, காசில்லாதது, பன்னிரண்டு வருஷம் சொல்லாதது, எட்டு நிமிஷம் மிச்சமானது எல்லாம். அவர் காதும் மில் காதுதான், அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. மருமகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அது மேல என்ன பதிஞ்ச? போடு கேப்போம்" என்றார்.

பி பக்கம் போட்டேன். ஐந்து பாட்டையும் கேட்டோம். மூன்றாவது பாட்டில் தொடையில் தாளம் போட்டார், ஒரு இடம்கூடப் பிசகவில்லை. "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார் இசையமைப்பாளரைப் பற்றி. ஐந்தாவது பாட்டு முடிந்து அந்த 'டக்' வந்தது. நான் சட்டென்று கையை நீட்டி நிறுத்தப் போனேன், இவ்வளவு சொன்ன பிறகு அவரைக் கேட்கவைக்க வேண்டாம் என்று.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உடு, ஓடட்டும்."

எட்டு நிமிஷமும் ஓடியது. கையை அவர் எடுக்கவில்லை. பிளேயரை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பேட்டரி இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கிக் கொடுத்தேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை, காலையில் போன் செய்ய வேண்டும்.